கொண்டல் ஞாயிற்றுக்கிழமை ஓடமாட்டாள்

பயிற்சி நாள் 58 | காலை 6.10
செவ்வாய்க் கிரகம், வைகறைக் குடியிருப்பு, குதிரைக் கூடம். பதிபவர்: கால்நடை மருத்துவர் தமயந்தி.

காற்றழுத்தம் சரி. வெப்பம் பதினெட்டு. கொண்டல் தீவனம் முழுவதையும் தின்றாள், கூடவே என் கையுறையின் ஒரு விரலையும். இந்தக் கிரகத்தில் பிறந்த ஒரே குதிரை என்ற திமிர் அவளுக்கு நிறையவே உண்டு.

மூன்று சோதனைகள் கொண்ட போட்டிக்கு அவளைத் தயார்படுத்துகிறேன். சொன்னபடி நடக்க வேண்டும், மேடுபள்ளத்தில் தடைகளைத் தாண்டி நெடுந்தூரம் ஓட வேண்டும், மறுநாள் அந்தக் களைப்போடு மைதானத்தில் மறுபடியும் தாண்ட வேண்டும். என் திட்டப்படி முதல் மூன்று மாதம் நடையும் மெல்லோட்டமும்தான். பிறகு ஏற்றம், பிறகு சிறு தடைகள். ஆறாம் மாதம்தான் பாய்ச்சல். இங்கே எல்லாமே பூமியில் இருப்பதைவிடப் பாதிக்கும் குறைவான எடை. ஆகவே எப்போதும் முதுகில் இரும்புத் துண்டுகள் தைத்த போர்வை கிடக்கும். பாரம் விழாத எலும்பு இறுகாது.

இன்று நாற்பது நிமிட நடை. கால்களில் வீக்கம் இல்லை.

நாள் 63 | காலை 11.40
பூமியிலிருந்து விருந்தினர் கப்பல் முன்கூட்டியே வருகிறதாம். நிர்வாகி பழனியப்பனின் செய்தி:

"ஏனுங்க டாக்டரு, அவங்க வர்ற ஞாயித்துக்கெழமை எறங்கறாங்க. குதிரைய அன்னிக்கே ஓட்டிக் காட்டீருங்க. நெஞ்சுத் துடிப்பு அட்டவணைய நானும் பார்த்தனுங்க. ஓடி நின்ன ஒரு நிமிசத்துல எறங்கீருது. குதிரை ரெடியா இருக்குதுங்க."

இங்கே வந்தவர்கள் அத்தனை பேரும் செய்கிற தப்பு இது. எடை குறைந்த இடத்தில் இதயம் சீக்கிரம் தேறிவிடும், அட்டவணையும் அழகாக இருக்கும். எலும்பும் தசைநாரும் தேற மாதக்கணக்காகும். குடியிருப்புக்குள் இருக்கும் கல் பாதையில் முழு வேகத்தில் ஓடினால் முன்னங்கால் உடையும். உடைந்தால் இந்தக் கூடத்தில் காப்பாற்ற வழியில்லை. நான்தான் ஊசி போட்டுக் கொல்ல வேண்டியிருக்கும்.

என் பதிலை அப்படியே பதிகிறேன்: "ஓடமாட்டா. விருந்தாளிங்களுக்கு ஓட்டம் பாக்கணும்னா நீங்களே ஓடிக் காட்டுங்க சார்."

நாள் 64 | மாலை 4.05
என்னைப் பொறுப்பிலிருந்து நீக்கிவிட்டார்கள். ஞாயிறன்று கொண்டல்மேல் ஒரு விமானி ஏறுவாராம். வேகம் காட்ட வேண்டும் என்று போர்வையையும் கழற்றச் சொல்லியிருக்கிறார்கள்.

குறடை எடுத்தேன். நாலு லாடத்தையும் கழற்றினேன். ஆணிகளோடு சேர்த்துக் குப்பைக் குழாயில் போட்டு வெளியே செம்மண்ணில் தள்ளியாயிற்று. வெறும் குளம்போடு அந்தப் பாதையில் ஒரு சுற்றுகூட ஓட முடியாது என்பது விமானிக்கும் தெரியும். லாடம் அடிக்கத் தெரிந்த ஆள் இந்தக் கிரகத்திலேயே நான் ஒருத்திதான். வெகுநாள் கழித்து வயிறு வலிக்கச் சிரித்தேன்.

நாள் 65 | காலை 9.20
சிரிப்பு ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. பட்டறையில் பிளாஸ்டிக்கில் லாடம் வார்த்துப் பசை போட்டு ஒட்டப் போகிறார்களாம். ஆணியும் வேண்டாம், நானும் வேண்டாம்.

கூடத்தின் கதவை உள்ளே இருந்து தாழிட்டுவிட்டேன். ஞாயிறு தாண்டும்வரை திறப்பதாக இல்லை. நிர்வாகியின் குரல்:

"டாக்டரு, தொறந்துருங்க. இல்லீன்னா கூடத்துக்குக் காத்து நின்னுரும். வெளையாட்டுக்குச் சொல்லலீங்க."

நானும் விளையாடவில்லை.

நாள் 65 | காலை 10.15
காற்று நிலையத்தில் வேலை செய்யும் ரோசலின் பேசினாள்:

"யக்கா, ஒங்க வால்வ மூடச் சொல்லுதாவ. என் கையால மூட மாட்டேன்னுட்டேன். சாவியப் பிடுங்கிட்டு என்னைய வெளிய அனுப்பிட்டாவ. பத்திரமா இருங்கக்கா."

அவளோடு நான் சேர்ந்தாற்போல் பத்து வார்த்தை பேசியதில்லை. அழுதுவிட்டேன்.

நாள் 65 | பகல் 1.30
காற்றாடி நின்றுவிட்டது. கொண்டல் ஒருத்தியே பத்து ஆள் மூச்சை இழுப்பாள். தலை வலிக்கிறது. அவள் தலையைத் தொங்கப்போட்டு நிற்கிறாள்.

முகமூடி ஒன்று இருக்கிறது, மனிதருக்கானது. மாட்டமாட்டேன். மாட்டினால் அவர்களுக்குத் துணிச்சல் வந்துவிடும். டாக்டர் பிழைத்துக்கொள்வாள், குதிரை மயங்கட்டும் என்று காத்திருப்பார்கள். கூடத்தைக் கண்காணிக்கும் கேமராவின் முன்னால் நின்று முகமூடியைக் காட்டிவிட்டுக் கொண்டலின் தண்ணீர்த் தொட்டியில் போட்டேன். வேறு வழி தோன்றவில்லை. பயமாகத்தான் இருக்கிறது. அதற்காகத் திறக்க முடியுமா?

நாள் 65 | பகல் 1.55
காற்றாடி சுற்றுகிறது! சுற்றுகிறது!

கொண்டலின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கத்தினேன். அவள் என் காலை மிதித்தாள். மிதிக்கட்டும்.

நாள் 65 | பிற்பகல் 3.10
இரக்கப்பட்டுக் காற்று விடவில்லை. வெட்டும் கருவி வந்துவிட்டது. அதுவரை நான் சாகாமல் இருந்தால் போதும் என்று நினைத்திருக்கிறார்கள். கதவின் மேல்விளிம்பு சிவந்துவிட்டது. என்னை இழுத்துப் போவார்கள், போகட்டும். எதற்கும் மன்னிப்புக் கேட்கமாட்டேன்.

இனி எழுதுவது அவள்மேல் ஏறப்போகும் உங்களுக்கு. நீங்கள் யாரோ, எனக்குத் தெரியாது. போர்வையைக் கழற்றாதீர்கள். அது இல்லாமல் அவள் நடந்ததுகூட இல்லை. பாய்ந்தால் அளவு தெரியாமல் உயரே எழும்பி, மொத்த வேகத்தோடும் முன்னங்காலில் இறங்குவாள். இன்னும் நாலு வாரம் நடையும் மெல்லோட்டமும் மட்டும். ஆறாம் மாதம் பாய்ச்சல், அதுவும் வாரத்துக்கு ஒரு தடவை, மறுநாள் முழு ஓய்வு. துடிப்பு அட்டவணையை நம்பாதீர்கள்

பாதிக் கதவு போய்விட்டது

ஏறுவதற்கு முன்னால் முழங்காலுக்குக் கீழே உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், ரெண்டு முன்னங்காலிலும். குளிர்ந்திருந்தால் நடத்துங்கள். சூடு இருந்தால், யார் சொன்னாலும், எந்தக் கப்பல் வந்து இறங்கினாலும்