யாசெனுக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி

ஜனவரி 9, செவ்வாய்

வயிற்றுவலி என்று ஆலையில் பொய் சொல்லிவிட்டு மைதானத்துக்குப் போனேன். எங்கள் கால்பந்து அணிக்குக் குளிர்கால இடைவேளை முடிந்து இன்றுதான் முதல் பயிற்சி. பாதிரியார் துளசிக் கொத்தைப் புனித நீரில் தோய்த்து ஆட்டக்காரர்கள் தலையில் தெளித்தார். வேலிக்கு வெளியே நின்ற வடக்கு மேடை ரசிகர்கள் எங்கள் மேலும் தெளித்தார். எங்களுக்குத்தான் அது அதிகம் தேவை.

கடைசி மூன்று அணிகள் கீழ்ப்பிரிவுக்கு இறங்கும். நாங்கள் ஒரே படி மேலே தொங்கிக்கொண்டிருக்கிறோம். எங்களுக்கு நேர் கீழே யார்? ப்ரோத். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் அந்த ஊரின் பெயரை எழுதினாலே பேனா நாறுகிறது.

பாதுகாப்பு வரிசையில் இரண்டு பேர் சைப்ரஸ் போய்விட்டார்கள். கோல்காப்பாளன் முடி வெட்டியிருக்கிறான், வேறு முன்னேற்றம் தெரியவில்லை. ஆனால் யாசென் வந்திருந்தான். இலையுதிர் காலத்தில் நாங்கள் போட்ட கோல்களில் பாதிக்கு மேல் அவன் போட்டது. அவன் இருந்தால் பிழைத்துக்கொள்வோம்.

ஜனவரி 14, ஞாயிறு

பனிக்கு நடுவே நட்பாட்டம். கீழ்ப்பிரிவு அணியிடம் மூன்று கோல் வாங்கினோம். கிளப் முதலாளி எங்கிருந்தோ பிடித்து வந்த புதுப் பையன் முன்வரிசையில். பக்கத்தில், எப்போதும் என்னோடு ஆட்டம் பார்க்கும் ரொட்டி வண்டிக்காரன் மோம்சில் சூரியகாந்தி விதையைக் கடித்துத் துப்பிக்கொண்டே கேட்டான்: “இவன் பந்தை உதைக்கிறானா, அதுகிட்ட மன்னிப்புக் கேக்கிறானா?” சிரித்தேன். சிரித்த பிறகுதான் உறைத்தது, அவன் ஆடுவது எங்களுக்காக.

யாசென் ஆடவில்லை. தொடையில் சின்ன வலியாம்.

ஜனவரி 17, புதன்

சின்ன வலி என்றால் எவ்வளவு சின்னது?

ஜனவரி 20, சனி

மோம்சில் ரொட்டி வண்டியோடு நேரே வீட்டு வாசலுக்கு வந்துவிட்டான். ப்ரோத்தில் கடைகளுக்கு ரொட்டி இறக்கும்போது பார்த்தானாம்: அவர்களுடைய கிளப் அலுவலகத்தின் முன்னால் யாசெனின் கார். “தொடை வலியாம். அங்க போய் நல்லாத்தான் நடந்தான்” என்றான்.

யாசெனின் அம்மா ஸ்டோய்கா அத்தை ஆலையில் என் வரிசைதான், இரண்டு தையல் எந்திரம் தள்ளி. இந்த வாரம் முழுக்கக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பதிலுக்குப் பயந்தேன் போலிருக்கிறது.

நாங்கள் தைக்கிற கால்சட்டை எல்லாம் லாரி ஏறி இத்தாலி போகிறது. ஊர் டாக்டர்கள் ஜெர்மனி போய்விட்டார்கள். என் வகுப்பில் படித்தவர்களில் பாதிப் பேரை இனி திருமணப் படங்களில்தான் பார்ப்பேன். இந்த ஊரில் உருப்படியாக எது முளைத்தாலும் யாராவது வந்து பிடுங்கிக்கொண்டு போகிறார்கள், நாம் கையாட்டி வழியனுப்ப வேண்டும். இவன் ஒருத்தன் பாக்கி இருந்தான். இவனுமா? அதுவும் அவனுங்ககிட்டயா?

ஜனவரி 21, ஞாயிறு

நமக்கு அவன் செத்துட்டான், அப்படியே அறிவிச்சிடுவோம் என்றான் மோம்சில். எழுத வரும் என்பதால் வேலை என் தலையில் விழுந்தது. கறுப்புக் கட்டம், சிலுவை, கிளப் பக்கத்திலிருந்து எடுத்த அவன் படம். “யாசென், வயது 23, எங்களைத் திடீரென விட்டுப் பிரிந்தார். துயருடன்: வடக்கு மேடை நண்பர்கள்.” கீழே ஒரு கெட்ட வார்த்தையும் போட்டிருந்தேன். மோம்சில் எடுக்கச் சொன்னான். நிஜம் போலவே இருந்தால்தான் உறைக்குமாம்.

சொல்லக் கூடாது, நன்றாகவே வந்திருக்கிறது.

ஜனவரி 22, திங்கள்

காலை வேலைக்கு முன்னால் ஒட்டினோம். மைதானக் கதவு, பேருந்து நிறுத்தம். கடைசியாக அவன் அம்மாவோடு குடியிருக்கும் கட்டடத்தின் வாசல் கதவு.

(மாலை)

ஸ்டோய்கா அத்தை ஞாயிறன்று தங்கை ஊருக்குப் போயிருந்திருக்கிறார். எனக்குத் தெரியாது; மகனைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு தாளைப் பார்த்துத் திட்டுவார் என்றுதான் நினைத்திருந்தேன். காலை முதல் பேருந்தில் திரும்பியிருக்கிறார். சாவு விழுந்தால் வாசல் கதவில் தாள் ஒட்டுவது இந்த ஊர் வழக்கம், அதை யார் சந்தேகப்படுவார்கள்? அதற்குள் மாடி வீட்டுக்காரி கீழே மெழுகுவர்த்தி ஏற்றி, நாலு பூ வைத்திருக்கிறாள். உயிரோடு இருப்பவனுக்கு இரட்டைப்படையில் யாரும் பூ வைக்கமாட்டார்கள்.

பனியிலேயே உட்கார்ந்துவிட்டாராம். பிறகு எழுந்து ஆஸ்பத்திரிக்கு ஓடி, பிணவறை எங்கே என்று கேட்டிருக்கிறார். யாசென் பயிற்சியில். போன் உடைமாற்றும் அறையில். மதியம் அவனே அழைக்கிற வரைக்கும் அந்த அம்மாவுக்குப் பிள்ளை இல்லை.

ஆலையில் இதைப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் கால்சட்டைப் பை தைத்துக்கொண்டிருந்தேன். என்னடி பண்ணிட்டே. ஐயோ, என்ன பண்ணிட்டே.

ஜனவரி 23, செவ்வாய்

மைதானக் கதவோடு நிறுத்தியிருக்கலாம் என்கிறான் மோம்சில். வீட்டுக்கு என்று சொன்னது நான்தானாம். அவன்தான் சொன்னான். இல்லை, பசை டப்பாவைப் பிடித்திருந்தது நான்— யார் சொன்னால் என்ன.

ஜனவரி 25, வியாழன்

அத்தை வேலைக்கு வந்தார். சாப்பாட்டு நேரத்தில் அவர் முன்னால் போய் நின்றேன்.

“நான்தான் எழுதினேன், அத்தை.”

தயிர் டப்பாவை மூடினார். “நல்லா எழுதியிருந்தே. துயருடன்னு படிக்கிறப்பவே தலை சுத்திடுச்சு.”

மீதியையும் அவரே சொன்னார். யாசென் ப்ரோத் போனது நிஜம்தான். ஒரு வாரமாக விடாமல் அழைத்தார்களாம். வேண்டாம் என்பதைப் போனில் சொன்னால் மரியாதையாக இருக்காது என்று நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்திருக்கிறான்.

“இங்க என் பேரைப் பாடுறாங்கம்மா, எப்படிப் போவேன்னு கேட்டான்.”

“இப்போ என்ன சொல்றான், அத்தை?”

“அவன் ஒண்ணும் சொல்லல. நான்தான் போடான்னுட்டேன். போய்க் கையெழுத்துப் போடு, இந்தப் பாட்டு போதும்னேன்.”

எழுந்து போய் எந்திரத்தில் உட்கார்ந்தார். மணி இன்னும் அடிக்கவில்லை.

ஜனவரி 26, வெள்ளி

ப்ரோத் படம் போட்டிருக்கிறது. அவர்களுடைய மஞ்சள் சட்டையில் யாசென். சிரிக்கவில்லை.

பிப்ரவரி 4, ஞாயிறு

நட்பாட்டம், தோல்வி. வடக்கு மேடையில் ‘துரோகி’ என்று ஒரு பாட்டு கட்டியிருக்கிறார்கள். மோம்சில் பாடவில்லை. நடந்ததைச் சொல்லவும் இல்லை. நான் மட்டும் சொன்னேனா?

பிப்ரவரி 17, சனி

பருவத்தின் இரண்டாம் பாதி தொடங்கியது. சொந்த மைதானத்தில் கோலில்லாச் சமன். மன்னிப்புக் கேட்கிற பையன் காலியான கோலுக்கு வெளியே அடித்தான். ப்ரோத் ஒரு கோலில் ஜெயித்து எங்களைத் தாண்டிவிட்டது. இப்போது இறங்கும் இடத்தில் இருப்பது நாங்கள்.

பிப்ரவரி 19, திங்கள்

அன்றைக்குப் பிறகு அத்தை என்னோடு பேசியதே இல்லை. இன்று, துணியிலிருந்து கண்ணை எடுக்காமல், “உங்க ஆட்டம் என்னாச்சு?” என்றார்.

“ரெண்டு பக்கமும் கோல் இல்ல, அத்தை.”

நூலை வெட்டிவிட்டு அடுத்த கால்சட்டையை எடுத்தார்.

“அவன் ஒண்ணு போட்டான்.”

எனக்குத் தெரியும். அந்தக் கோல்தான் எங்களைக் கீழே தள்ளியது. எப்படிப் போட்டான் என்று கேட்டுவிட்டேன், வாய் நிற்கவில்லை.

“தலையால. ரெண்டு தடியனுங்களுக்கு நடுவுல எம்பி.” கையில் இருந்த துணியை உயர்த்திக் காட்டினார், எவ்வளவு உயரம் என்று.

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அவருக்குத் தெரியாமலிருக்கக் குனிந்து, பையின் ஓரத்தை மடித்துத் தைத்தேன். கோணலாகப் போனது. பிரித்து மறுபடி தைத்தேன்.