எங்கள் இன்சுலின் இருந்த உங்கள் ஃப்ரிட்ஜ்

லாத்தா,

இன்று காலை ஊசி போட்டுக்கொள்ளும்போது ஒரு துளி மருந்து விரலில் சிந்திவிட்டது. துடைப்பதற்கு முன்பே வாசனை வந்துவிட்டது. இன்சுலினுக்கு ஒரு வாசனை உண்டு. போட்டுக்கொள்கிறவர்களுக்குத்தான் அது தெரியும். புதிதாகப் பிரித்த பிளாஸ்திரியும், இப்போதுதான் கழுவிவிட்ட ஆஸ்பத்திரித் தரையும் சேர்ந்தாற்போல இருக்கும். மற்றவர்களுக்கு அது எதை நினைவுபடுத்துமோ, எனக்கு உங்கள் அடுப்படிதான் வந்து நிற்கிறது. கொத்தமல்லிக் கட்டு, மூடி வைத்த தேங்காய்ப்பால், மேல்தட்டில் மீன், அதற்கெல்லாம் நடுவில் இந்த வாசனை.

நீங்கள் போய் இரண்டு மழைக்காலம் ஆகிறது. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் அக்காவை லாத்தா என்று கூப்பிடுவதைக் கேட்டு நானும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தவள். இப்போது அந்தச் சொல்லைச் சொல்ல எனக்கு வேறு ஆள் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

எனக்குச் சர்க்கரை வந்தபோது கும்பகோணத்தில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். ஓயாத தாகம், பாவாடை இடுப்பில் நிற்காத அளவுக்கு இளைப்பு. டாக்டர் அப்பாவிடம், “இது வயசானவங்களுக்கு வர்ற சர்க்கரை இல்லீங்க. இந்தப் பொண்ணோட உடம்பு இன்சுலினே சுரக்காது. வாழ்நாள் பூரா ஊசி போடணும். மருந்தை ஜில்லுனு வைக்கணும்” என்றார். குத்தகை நிலத்தில் விவசாயம் பார்த்த வீட்டில் ஜில்லென்று வைக்க என்ன இருக்கிறது? குடவாசல் பக்கத்தில் எங்கள் ஊரில், எங்கள் இரண்டு தெருவுக்கும் சேர்த்து ஒரே ஒரு ஃப்ரிட்ஜ்தான் இருந்தது. சவூதிக்குச் சபுர், அதாவது வேலைக்கு, போயிருந்த உங்கள் வீட்டுக்காரர் பாய் அனுப்பிய பணத்தில் நீங்கள் வாங்கியது.

அப்பா உங்கள் வாசலுக்கு வந்து நின்ற விதம் எனக்கு மறக்காது. இடுப்பில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கட்டினார், மறுபடி அவிழ்த்தார். விஷயம் வெளியே தெரிந்தால் எனக்குக் கல்யாணம் ஆகாது என்பதுதான் அவருடைய பயம் எல்லாம். மருந்தைத் துணியில் சுற்றி, யாருக்கும் சொல்லாமல் வைத்துக்கொள்ள முடியுமா என்று இழுத்து இழுத்துக் கேட்டார்.

“இதுக்கா சித்தப்பா இவ்ளோ நேரம் வாசல்லயே நின்னீங்க? உள்ள வாங்க மொதல்ல. தண்ணி பாட்டில எடுத்துட்டா எடம் ஆயிடுது” என்றீர்கள்.

அவ்வளவுதான். அன்றிலிருந்து காலையும் மாலையும் உங்கள் அடுப்படிக்கு வந்துபோனேன். ஊசி போடப் பின்னாலிருந்த குளியலறைக்குப் போய்க் கதவைத் தாழ்போட்டுக்கொள்வேன். நீங்கள் கவனித்துக்கொண்டே இருந்தீர்கள். ஒரு நாள் ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் உங்களிடம் கதை பேசிக்கொண்டு நின்றேன். என் கை நடுங்குவதை நான் உணர்வதற்கு முன்பே நீங்கள் பார்த்துவிட்டீர்கள். சர்பத்தைக் கலக்கி என் வாயில் வைத்து, “குடி புள்ள, பேச்ச அப்புறம் பேசலாம்” என்று அதட்டினீர்கள். டாக்டர் சொன்னதையெல்லாம் என்னிடம் கேட்டுக் கேட்டு எப்போதோ மனதில் வாங்கிக்கொண்டிருந்தீர்கள்.

அப்புறம் அஞ்சலை வந்தாள். நடவுக்குப் போகிறவள், தெற்கே வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வீடு. அவளுக்கும் ஊசிதான் என்று அரசு ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். உங்கள் மாமியாரை டாக்டரிடம் காட்டப் போன இடத்தில், மருந்து வாங்கும் வரிசையில் அவளைப் பார்த்திருக்கிறீர்கள். தவறாமல் ஊசி போட்டும் சர்க்கரை இறங்கவில்லை என்று நர்ஸ் அவளைத் திட்டிக்கொண்டிருந்தாராம். மருந்தை எங்கே வைக்கிறாய் என்று நீங்கள்தான் கேட்டீர்கள். சித்திரை வெயிலில், தகரக் கூரைக்கு அடியில், டிரங்குப் பெட்டிக்குள் வைத்திருந்தாள். மருந்து அங்கேயே செத்துப்போயிருந்தது.

மறுநாள் நீங்கள் சொன்னபடி அவள் உங்கள் வாசலில் புதுக் குப்பியோடு வந்து நின்றாள். உள்ளே வரத் தயங்கினாள். தெருவில் இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உங்கள் மாமியார் அடுப்படியிலிருந்து, “மீனு வைக்கிற எடத்துல ஊராரு மருந்தா?” என்று முணுமுணுத்தார்.

“மீனு மேல இருக்கு மாமி. மருந்து கீழ இருக்கும். ஒண்ணுக்கொண்ணு சண்டை போடாது” என்றீர்கள். பிறகு வாசல் பக்கம் திரும்பி, “அஞ்சல, நீயே வந்து வையி. அப்பதான் எடுக்குறப்ப ஒனக்குத் தெரியும்” என்றீர்கள்.

அவள் புடவைத் தலைப்பிலிருந்து ஒரு சின்னத் துணி கிழித்துக் குப்பியின் கழுத்தில் கட்டினீர்கள். எழுதப் படிக்கத் தெரியாதவளுக்கு அது அடையாளம். அதைப் பார்த்து என் குப்பிக்கும் நீலத் துணி ஒன்று கட்டினேன். அவளைப் பார்த்து இன்னும் சிலர் வந்தார்கள்: தச்சு வேலை செய்கிறவர், பள்ளிக்கூடத்துச் சமையலம்மா, டீக்கடைக்காரரின் தம்பி. ஒரு கோடைக்குள் கீழ்த்தட்டு முழுக்க வண்ண வண்ணத் துணி கட்டிய குப்பிகள். அவரவர் வந்து எடுத்துப் போட்டுக்கொண்டு போவார்கள். சோறு ஆகும் நேரத்தில் வந்தவர்களைச் சாப்பிடாமல் அனுப்பமாட்டீர்கள். ஊசி போட்டவர் பசியோடு போகக்கூடாது என்பது உங்கள் கணக்கு.

பாய் விடுமுறைக்கு வந்தபோதுதான் பிரச்சினை. இறங்கிய மறுநாளே முகம் தெரியாத ஆட்கள் அடுப்படி வரை வந்துபோவதைப் பார்த்தார். நான் பின்கட்டில் இருந்ததால் எல்லாம் கேட்டது.

“நான் அங்க வெயில்ல காஞ்சு அனுப்புன காசுல வாங்குனது. ஊரு ஆஸ்பத்திரியா ஆக்கிட்டியா?”

நீங்கள் குரலை உயர்த்தவில்லை. “உங்க பொருளுதான் மச்சான், நான் இல்லேங்கல. வேணாம்னா எல்லாத்தையும் எடுத்துடுறேன். ஆனா அதுக்கப்புறம் இந்த மருந்தெல்லாம் எங்க வைக்கிறதுன்னு நீங்களே அவங்ககிட்ட சொல்லிடுங்க. எனக்குச் சொல்ல வாய் வராது.”

பாய் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். இனி இங்கே வரமுடியாது என்று நினைத்துக்கொண்டு நான் வீட்டுக்குப் போனேன்.

அடுத்த நாள் நீங்கள் என்னைக் கூப்பிட்டு, ஃப்ரிட்ஜுக்குள்ளே, முட்டை டப்பாவுக்குப் பின்னால் யாரோ ஒளித்து வைத்திருந்த ஒரு குப்பியைக் காட்டினீர்கள். துணி கட்டாத குப்பி. அட்டைப்பெட்டியில் அரபி எழுத்து. சின்ன வயதில் மதரஸாவில் ஓதப் படித்த எழுத்து உங்களுக்கு மறக்கவில்லை. அர்த்தம் தெரியாமலே உச்சரிக்கப் பழகிய எழுத்துகள். ஒவ்வொன்றாக விரல் வைத்துக் கூட்டிப் படித்தீர்கள். “இன்... சு... லீன்.” படித்து முடித்ததும் அந்தப் பெட்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டீர்கள்.

“மச்சானுக்கு எத்தன வருசமா இருக்கோ தெரியல புள்ள. ஒரு வார்த்த எழுதலியே” என்றீர்கள். நீங்கள் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

வேறு யாராக இருந்தாலும் அப்போதே போய்க் கேட்டிருப்பார்கள். நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கொடியில் காய்ந்த பாயின் பழைய கைலியில் ஒரு துண்டு கிழித்து, அந்தக் குப்பியின் கழுத்தில் கட்டி, மற்றவர்களுடைய மருந்தோடு கீழ்த்தட்டில் வைத்தீர்கள்.

மறுநாள் காலை நான் வந்தபோது பாய் ஃப்ரிட்ஜைத் திறந்துகொண்டு நின்றிருந்தார். குளிர் அவர் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

“இது யாரு கட்டுனது?”

“நாந்தான். கட்டாம வச்சா மாறிப்போயிடும்.”

“ஏன் என்கிட்ட கேக்கல?”

“நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன்.”

அவர் கதவை மூடவேயில்லை. நின்றபடியே சொல்லத் தொடங்கினார். வேலை செய்கிற இடத்தில் ஒரு நாள் மயங்கி விழுந்தாராம். அங்கே ஒரு டாக்டர் பார்த்து ஊசி எழுதிக்கொடுத்தாராம். கம்பெனிக்குத் தெரிந்தால் உடம்பு சரியில்லாதவன் என்று அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். அறையில் கூடத் தங்கியிருந்தவர்களுக்கும் சொல்லவில்லை. மருந்தை அறையிலிருந்த ஏசி ஓட்டையில் செருகி வைத்து, குளியலறையில் தாழ்போட்டுக்கொண்டு ஊசி போட்டிருக்கிறார்.

குளியலறை என்றதும் என் காது சூடாகிவிட்டது. நீங்கள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தீர்கள்.

“தாப்பா போட்டுக்கிட்டு ஊசி போட, அப்படி என்னத்தத் திருடிட்டீங்க ரெண்டு பேரும்? இங்கயே ஒக்காருங்க. வெளிச்சத்துல போடுங்க. இட்லி ஆறுது.”

பாய் முக்காலியில் உட்கார்ந்தார். நான் தரையில் உட்கார்ந்தேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஊசி போட்டுக்கொண்டோம். அதன் பிறகு அவர், “உனக்கு எத்தன யூனிட்டு?” என்று கேட்டார். அந்த மனிதர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது.

பாய் அந்தத் தடவை போய், ஒப்பந்தம் முடிந்ததும் திரும்பிவிட்டார். கடைத்தெருவில் எஸ்டிடி பூத் போட்டார். வளைகுடாவிலிருக்கும் பிள்ளைகளோடு பேச வருகிற கூட்டம் அங்கே எப்போதும் இருக்கும். ஃப்ரிட்ஜை பூத்தின் பின்னறைக்கு மாற்றியதும் அவர்தான். “வீட்டுக்குள்ள வர்றதுக்கு அஞ்சல இன்னும் கூச்சப்படுது” என்று காரணம் சொன்னாராம். போன் பேச வருகிறவர்களிடம், “அங்க இருக்கிற தம்பிய சர்க்கரை பாக்கச் சொல்லுங்க. இருந்தா மறைக்க வேணாம்னு சொல்லுங்க” என்று அவர் சொல்வதை நானே கேட்டிருக்கிறேன்.

என் வீட்டிலும் அந்தக் காலை மாற்றம் கொண்டுவந்தது. பெண் பார்க்க வருகிறவர்களிடம் உள்ளதைச் சொல்லிவிடுங்கள் என்று அப்பாவிடம் பிடிவாதமாக நின்றேன். சொன்னோம். வந்தவர்கள் காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்கள். அடுத்து வந்தவர்களும் போனார்கள். அப்புறம் வந்தவர், “ஊசிய யாரு போட்டு விடுவாங்க?” என்று மட்டும் கேட்டார். நானே போட்டுக்கொள்வேன் என்றேன். அவரோடுதான் இன்றைக்கும் இருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். ஒரு ஐப்பசியில் புயல் மழை அடித்து மின்சாரம் நாள்கணக்கில் வரவில்லை. கும்பகோணம் டாக்டரிடம் ஆள் அனுப்பிக் கேட்டீர்கள். மண்பானையைச் சுற்றி ஈர மணல் போட்டு, பானைக்குள் மருந்தை வைக்கச் சொன்னார். பூத்துக்குள் பானையை வைத்து, மணல் காயாமல் நீங்களும் பாயும் முறை வைத்துத் தண்ணீர் தெளித்தீர்கள். ஃப்ரிட்ஜ் இல்லாத வெப்ப நாடுகளில் மருந்தை எப்படிக் காப்பது, மண்பானை எவ்வளவு தூரம் உதவும் என்றெல்லாம் விஞ்ஞானிகள் அளந்து பார்ப்பதாக அண்மையில் படித்தேன். நல்ல மருந்து கண்டுபிடித்தால் மட்டும் போதாது, அது ஏழை வீட்டில் கெடாமல் இருக்கவும் வேண்டும் என்று இப்போது ஆராய்ச்சிக்காரர்கள் எழுதுகிறார்கள். படிக்கும்போது உங்களிடம் காட்டவேண்டும்போல இருந்தது. “இத இப்பதான் யோசிக்கிறாங்களா?” என்று சிரித்திருப்பீர்கள்.

இதையும் படித்தேன், லாத்தா. பெண்களுக்கு மாரடைப்பு எப்போதும் நெஞ்சுவலியாக வருவதில்லையாம். அசதி, முதுகுவலி, மூச்சு வாங்குவது என்று வரலாமாம். நீங்கள் இரண்டு நாள் அசதி என்றுதான் சொன்னீர்கள். பாய் கூப்பிட்டும் ஆஸ்பத்திரிக்கு வராமல், வாயு என்று சுக்குத் தண்ணீர் குடித்தீர்கள். ஊரில் எல்லோரையும் டாக்டரிடம் துரத்திய நீங்கள்.

நீங்கள் போன அன்று உங்கள் வீட்டுக்கு வந்த கூட்டத்தைப் பார்த்து, சென்னையிலிருந்து வந்த உங்கள் மகள், “இவங்கல்லாம் யாரு?” என்று என்னைக் கேட்டாள். அஞ்சலை நடவு வயலிலிருந்து காலில் சேற்றோடு வந்திருந்தாள். இந்தத் தடவை வாசலில் நிற்கவில்லை. நேரே உள்ளே போய் உங்கள் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டாள். யாரும் அவளை எழுந்திருக்கச் சொல்லவில்லை.

போன வாரம் கும்பகோணம் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். நாச்சியார்கோவிலில் வண்டி சற்று நேரம் நின்றது. பசித்தது. டிபன் டப்பாவைத் திறந்துவிட்டு, சேலையை லேசாக விலக்கி, இருந்த இடத்திலேயே வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டேன். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பக்கத்தில் ஒரு பெண். புதுத் தாலிக்கயிறு, மஞ்சள் இன்னும் மங்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தவள் மெதுவாகக் கேட்டாள்: “அக்கா, இப்படி எல்லாரும் பாக்க... கஷ்டமா இல்லையா?”

“மொதல்ல இருந்துச்சும்மா. இப்ப பசிதான் பெரிசு.”

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பஸ் கிளம்பியது. அப்புறம் தன் கைப்பையின் உள் ஜிப்பைத் திறந்து, கைக்குட்டையில் சுற்றியிருந்த ஊசிப் பேனாவை எடுத்தாள். முன்னால் ஒருமுறை பார்த்தாள், பின்னால் ஒருமுறை பார்த்தாள்.

நான் நகர்ந்து உட்கார்ந்து அவளுக்கு இடம் விட்டேன். என் டப்பாவிலிருந்து ஒரு இட்லியை எடுத்து மூடியில் வைத்து அவள் மடியில் வைத்தேன்.

“போட்டுக்கம்மா. இட்லி ஆறுது” என்றேன். சொன்ன பிறகுதான் தெரிந்தது, அது என் குரல் இல்லை என்று.