நிரோஜா போட்டுப்போன தோடு

பார்க் எக்ஸ்டென்ஷன், மொன்றியல்
செவ்வாய்க்கிழமை

(துஷாந்தினி அக்கா, அம்மாவின் வலது கை மாவுக்கட்டில் இருப்பதால் தங்கை சாருஜா எழுதுகிறேன். அம்மா சொல்வது எல்லாவற்றையும் உள்ளபடியே எழுதுவேன். என் வார்த்தை வந்தால் அடைப்புக்குள் வரும்.)

அன்பு மகளுக்கு, நீயும் மருமகனும் வயிற்றுப் பிள்ளையும் சுகமாக இருக்கக் கர்த்தரைக் கேட்டுக்கொண்டு அம்மா எழுதுவது. மூலைக்கடை வாசலில் பனியில் சறுக்கி மணிக்கட்டு உடைந்துவிட்டது, அது மாறிவிடும், நான் சொல்ல வந்தது வேறு, போனில் சொல்ல வாய் வராது. கீழ்வீட்டு நிரோஜாவை உனக்குத் தெரியாது, ஸ்பொன்சரில் வந்து நம்முடைய சபையில்தான் ஞானஸ்நானம் எடுத்தவள். தம்பியின் கல்யாணத்துக்கு ரொறன்ரோ போக முதல் என்னிடம் வந்து, வெறுங்காதோட போனால் மச்சாள்மார் பகிடி பண்ணுவினம் அன்ரி என்று அழுதாள். நான் அலுமாரியில் இருந்து ஒரு சோடித் தோடு எடுத்துக் கொடுத்தேன். அது உன்னுடைய சிவப்புக்கல்லுத் தோடு மகள். சபையில் நகை கூடாது என்று உன் பதினைந்தாவது வயதில் அழ அழக் கழற்றி, காணிக்கைப் பெட்டியில் போட்டுவிட்டேன் என்று சொன்னேனே, போடவில்லை. போட மனம் வரவில்லை.

கல்யாணப் படத்தை யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்ப, போதகர் அவளை ஞாயிறு ஆராதனையில் முன்னால் நிறுத்தி, ஆரின்ரை தோடு தங்கச்சி என்று கேட்டார். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை, என்ரைதான் பாஸ்டர் என்றாள். ஈஸ்டர் வரை திருவிருந்து இல்லை, கடைசி வரிசையில்தான் இருக்க வேண்டும் என்றார்கள். பெண்களில் மூத்தவள் என்று என்னைத்தான் அவளைக் கொண்டுபோய் இருத்தச் சொன்னார்கள், கையைப் பிடித்துக் கொண்டுபோய் இருத்தினேன். போகும்போது அவள் மெதுவாக, பயப்பிடாதேங்கோ அன்ரி, சொல்ல மாட்டன் என்றாள். திரும்பி வர, என் வரிசையில் இருக்கும் மாக்கிரட், இந்தப் பிள்ளையளுக்கு மினுக்கம்தான் பெரிசு என்றாள், நானும் ஓம் என்றேன்.

(இது எனக்கும் இப்போதுதான் தெரியும் அக்கா. நான் நிரோஜா அக்காவைப் படியில் கண்டும் கதைக்காமல் போனேன். அம்மா என் முகத்தைப் பார்க்காமல் சொல்கிறார்.)

கை உடைந்த பிறகு சாட்சி நேரத்தில் இதைச் சொல்லத்தான் எழும்பினேன். வாயைத் திறந்தால், தலை அடிபடாமல் காத்த தேவனுக்கு ஸ்தோத்திரம் என்று வந்தது, எல்லோரும் அல்லேலூயா என்றார்கள், இருந்துவிட்டேன். நாளை ஜெபக்கூட்டத்தில் சொல்வேன், உனக்குச் சொல்லிவிட்டால் பின்வாங்க முடியாது என்றுதான் எழுதுவிக்கிறேன். சபைக்கு ஏன் போவதில்லை என்று இனி உன்னைக் கேட்க எனக்கு முகம் இல்லை. இரும்புச்சத்துக் குளிசையை விடாதே, அந்த ஊர் வெயிலில் அலையாதே. கர்த்தர் உன்னை என்னைப்போல் அல்லாமல் நேராக நடத்துவாராக.

இடது கையால் ஒப்பமிடும்
அம்மா புஷ்பராணி

(அக்கா, புதன்கிழமை சேர்த்து எழுதுகிறேன். ஜெபம் முடிய அம்மா முன்வரிசையில் எழும்பி, தோடு என்ரை, நான்தான் குடுத்தனான் என்றார். போதகர், உங்களுக்குக் கை நோவு அக்கா, பேந்து ஆறுதலாக் கதைப்பம், மண்டபம் பூட்ட நேரமாச்சு என்றார். அம்மாவைப் பின்னால் போகச் சொல்ல ஒருவரும் வரவில்லை. அவராகவே நடந்துபோய் நிரோஜா அக்காவுக்குப் பக்கத்தில் இருந்தார். அதற்குள் விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.)