கே-7 குடை விரிக்கும் முன்

5 ஆகஸ்ட் 2057, காலை 8:10. வெப்பம் 11. ஈரப்பதம் 94.
கூட்டப்பாறை கள நிலையம், நீலகிரி. பதிவு: எஸ்தர் பொன்னுசாமி, பூஞ்சை ஆய்வாளர். காட்டை ஆக்கிரமித்ததால் வெட்டிப்போட்ட அந்நியச் சீகை மரங்கள் அறுபது. ஒவ்வொன்றிலும் நான்கு பூஞ்சைகள் இடத்துக்காகச் சண்டை போடுகின்றன. மூன்று இந்த மலையில் தாமாக வளர்பவை. நான்காவது கே-7, நான் ஆய்வகத்தில் உருவாக்கியது. வெட்டிய மரத்தை ஒரே மழைக்காலத்தில் மண்ணாக்குவது அதன் வேலை.
இரண்டு பூஞ்சைகள் மரத்துக்குள் சந்திக்கும் இடத்தில் கறுப்புக் கோடு விழும். இரண்டும் எழுப்பிக்கொள்ளும் எல்லைச் சுவர் அது. இன்று 14ஆம் மரத்தை அறுத்துப் பார்த்தேன். கோடுகள் நகரவில்லை. கே-7 இன்னும் கடைசி இடத்தில்தான்.

9 ஆகஸ்ட், பகல் 12:30. வெப்பம் 12.
கே-7 ஒரே நாளில் மூன்று கோடுகளை உடைத்துவிட்டது. எதிரில் இருந்த விசிறிக் காளான் பின்வாங்கவில்லை. அப்படியே தின்னப்பட்டிருக்கிறது.
இயக்குநர் கோதண்டம், கோவையிலிருந்து வயர்லெஸ்ஸில்: "ஜமாய்ச்சுட்டீங்க எஸ்தர். டெல்லிக்கே சொல்லிட்டேன்."
ஆறு வருட உழைப்பு. பாயசம் வைத்து, தனியாகவே குடித்தேன்.

14 ஆகஸ்ட், காலை 7:45. மழை.
அறுபதில் ஐம்பத்தொன்பது மரங்கள் தூளாகிவிட்டன. மண்ணைக் கிளறினேன். ஒரு சாண் ஆழத்தில் வெள்ளை இழைகள், சோலைக்காட்டை நோக்கி இருபத்திரண்டு மீட்டர். தின்ன எதுவும் மிச்சமில்லாததால் தேடிப் போகிறது.

16 ஆகஸ்ட், மாலை 4:20. காற்று இல்லை.
சோலை ஓரத்தில் நின்ற நாவல் மரம் சாய்ந்தது. பச்சை மரம், இலை வாடவில்லை. தண்டை உடைத்தேன், ரஸ்க் போல நொறுங்கியது.
கோதண்டம்: "சாம்பிளை எடுத்துக்கிட்டு உடனே கீழ வாங்க. மீதியை அப்புறம் பார்த்துக்கலாம்."
நான்: "என் பூட்ஸ்ல இருக்கு. முடியில இருக்கு. ரெண்டு நாளா சளியில வெள்ளை நூல் வருது சார். நான் வரல."
கோதண்டம்: "உங்க வீட்டுக்கு என்ன சொல்லட்டும்?"
வயர்லெஸ்ஸை அணைத்தேன்.

17 ஆகஸ்ட், காலை 9:00.
மிஞ்சிய ஒரு மரம் எண் 41, ஓடையோரம் கிடப்பது. அதில் பாதியை மஞ்சள் கொத்துக் காளான் பிடித்துவைத்திருக்கிறது. நடுவில் விரல் தடிமனுக்குக் கறுப்புக் கோடு. கே-7 முட்டிப் பார்த்து நின்றுவிட்டது.
இந்தக் காளான் ஏறிய கட்டைகளைச் சுற்றிலும் புதைத்தால் வேலி. 41 மட்டும் போதாது, கீழே காட்டில் இன்னும் கிடக்கும். வயர்லெஸ்ஸை மறுபடி போட்டு, கீழே செக்போஸ்ட்டில் இருக்கும் வனக்காவலர் மாரப்பனை அழைத்தேன்.
"எத்தனை கட்டைங்க வேணும் மேடம்?"
"நூறு. கே-7 பரவின இடத்துக்கு வெளியிலிருந்து தூக்கிப் போட்டுட்டுப் போயிடுங்க."
"நானே வந்து குழி தோண்டறனுங்க. இருமிக்கிட்டே நீங்க எத்தனை தோண்டுவீங்க?"
"ஒரு அடி உள்ள வெச்சாலும் நீங்க வீட்டுக்குப் போக முடியாது மாரப்பன்."
மதியத்துக்கு மேல் கட்டைகள் ஒவ்வொன்றாகப் பறந்து வந்து விழுந்தன. இருட்டும்வரை நிற்கவில்லை.

23 ஆகஸ்ட், காலை 10:15.
கட்டைகளைப் புதைத்து வட்டத்தை மூடி இரண்டு நாள். எல்லாப் பக்கமும் தோண்டிப் பார்த்தேன். கே-7 நின்றுவிட்டது. நான் செய்தது தோற்றுப்போனதில் இவ்வளவு சந்தோஷப்படுவேன் என்று நினைக்கவில்லை. பத்தடி நடந்தால் உட்கார வேண்டியிருக்கிறது.

24 ஆகஸ்ட், காலை 9:20.
மரத்தூள் குவியல்களில் வெள்ளை மொட்டுகள். நிலையத்தின் கதவுச் சட்டத்தில். கூரையில். எண்ணுவதை விட்டுவிட்டேன்.
கே-7 காளான் விடாது. அந்தத் திறனையே நீக்கியிருந்தேன். வேலிக்குள் பட்டினி கிடந்து எப்படியோ வழி கண்டுபிடித்திருக்கிறது. குடை விரிந்தால் வித்துத்தூள் காற்றில் போகும். வேலி மண்ணுக்கு மட்டும்தான். வளரும் வேகத்தைப் பார்த்தால் நண்பகலுக்குள் விரியும்.
"மாரப்பன், காத்து எந்தப் பக்கம் அடிக்குது?"
"ஊர்ப்பக்கமுங்க மேடம். ஏனுங்க?"

10:05.
விரியும் முன் எரிப்பது ஒன்றே வழி. மாரப்பனிடம் சொன்னேன். ஜெனரேட்டர் பெட்ரோல் நாற்பது லிட்டர் இருக்கிறது.
"நானும் வர்றனுங்க. ஆளுக்கொரு கேன்."
"வேண்டாம். ஜீப்பை எடுத்துட்டு ஊருக்குப் போங்க. கதவு, ஜன்னல் எல்லாம் மூடச் சொல்லுங்க. மூக்குல ஈரத்துணி கட்டச் சொல்லுங்க."
"பத்த வெச்சுட்டு ஓடியாந்துருவீங்களுங்களா?"
"வந்துடறேன்."
பொய் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். ஜீப் கிளம்பும் சத்தம் கேட்க நேரமாயிற்று.

11:10.
முப்பது லிட்டர் ஊற்றியாயிற்று. எல்லாம் ஈரம். ஒரு இடத்தில் பிடித்தால் இன்னொரு இடத்தில் அணைகிறது. கூரைக்கு ஏற முடியவில்லை. மூச்சு

11:25.
கூரையில் ஒன்றின் விளிம்பு பிரிகிறது. மிச்சம் பத்து லிட்டர். ஏணியில் ஏறப் போகிறேன். இந்த நோட்டை இதே கூரைக்குக் கீழே இருக்கும் இரும்புப் பெட்டியில் வைக்கிறேன்.
கண்டெடுப்பவருக்கு. பெட்டியின் வெளிப்பக்கம் கரி பிடித்திருந்தால் பயப்பட வேண்டாம், எல்லாம் எரிந்துவிட்டது. பெட்டி புதிதுபோல இருந்தால், இந்தப் பக்கத்தைத் தொட்ட கையை முகத்தருகே