தலைகீழான தோப்பு

அப்பா, நம் பேரீச்சைத் தோப்பின் தண்ணீரைப் பறித்துவிட்டார்கள். அதற்கான அட்டவணையைத் தயாரித்தது உங்கள் மகள்தான்.

ஸலாம். முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். துனிஸில் குளிர்தான் அதிகம்.

பதறாமல் படியுங்கள். விண்ணிலிருந்து எடுத்த நம் ஊர்ப் படத்தைப் புள்ளி புள்ளியாகப் பிரித்து, ஒவ்வொன்றும் எந்த இடம், எவ்வளவு பசுமை என்று எண்களாக்குவது என் வேலை. அந்த எண்களை வைத்துத்தான், பசுமையான நிலத்துக்கே தண்ணீர் என்று பங்கிடுகிறார்கள். படத்தில் வரிசைகளை மேலிருந்து எண்ணுவோம். ஊர் வரைபடத்தில் கீழிருந்து. நான் கொடுத்த அட்டவணையை யாரோ மாற்றாமல் அப்படியே வரைபடத்தில் ஏற்றிவிட்டார்கள். ஊரே தலைகீழாகிவிட்டது. வடக்கே ஹாஜி ஷெத்லியின் காய்ந்த நிலம் பச்சை. தெற்கே நம் தோப்பு பாலை.

மேலாளர் நௌஃபலிடம் காட்டினேன்.

"ஏம்மா ஸிஹாம், மேல கீழ மாறினதுக்கா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கே? தண்ணிப் பங்கீட்டுத் தாள்ல சம்மதம்னு கையெழுத்தெல்லாம் ஆயிடுச்சு, விடு."

"யார் கையெழுத்து சார்?"

"உங்க ஊர்க்காரங்களோடதுதான்!" என்று சிரித்தார்.

தவறு என்றால் அது ஏன் எப்போதும் பணக்காரன் பக்கமே சாய்கிறது?

அம்மாவின் மிளகாய் விழுது ஒரு புட்டி அனுப்புங்கள். சின்னது போதும், தனியாகத்தானே சாப்பிடுகிறேன். இந்தக் கடிதத்தை ஊருக்குக் கொண்டுவருகிறவர் பேருந்தில் ஏறப்போகிறார், முடிக்கிறேன்.

தொலைபேசியில் இரண்டு முறை கேட்டேன். இரண்டு முறையும் அம்மாவிடம் கொடுத்துவிட்டீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். அந்தத் தாளில் உங்கள் கையெழுத்தும் இருக்கிறதா? சொல்லுங்கள், அப்பா.

ஸிஹாம்