துப்பாக்கி மூக்கில் ஒட்டிய கரி

9 ஜூன் 2024, ஞாயிறு

சுண்டு, நீ மூக்கு மூக்கு என்று சொல்வாயே, அந்த இரும்பு கிடைத்தது. துணி துவைக்கும் மிஷினுக்குப் பின்னால், மைலோ டின்னுக்குள் துணி சுற்றி வைத்திருந்தாய். துப்பாக்கி வாயில் திருகுகிற துண்டு. கம்பென்சேட்டராம், அந்தப் பெயர் என் வாயில் வராது. மேலே இருக்கிற ஓட்டைகள் வழியாகப் புகை போனால் சுடும்போது கை துள்ளாது என்று முருங்கைக்காயைத் துப்பாக்கி மாதிரி பிடித்து எனக்குச் சுட்டுக் காட்டினாய்.

துப்பாக்கி சுடும் கிளப் சாமானை வீட்டுக்குக் கொண்டுவரலாமா என்று கேட்டேன். கழுவி அடுத்த ஞாயிறு கொடுத்துடுவேன்க்கா என்றாய். நடுவில் அந்த வியாழக்கிழமை வந்துவிட்டது. லாயாங் லாயாங் ஊர்ச் சாலை, எதிரில் செம்பனைப் பழம் ஏற்றிய லோரி. மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போன பிள்ளையை வெள்ளைத் துணியில் கொண்டுவந்தார்கள்.

இந்த இரும்பு மூக்குக்குள்ளே அடிப்பிடித்த சட்டி மாதிரி கரி. நகத்தால் சுரண்டினேன், வரவில்லை. முகர்ந்து பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை உன் சட்டையில் வருகிற வாசம். உன் துணிகளையெல்லாம் ஆசிரமத்துக்குக் கொடுத்தாச்சு. இந்தக் கரி நீ சுட்டது. இது என்னிடமே இருக்கட்டும்.

11 ஜூன், செவ்வாய்

கண்டீனுக்குச் சமைக்கப் போனேன். வந்தேன்.

15 ஜூன், சனி

குணாளன் வந்தான். கிளப்பில் துப்பாக்கி அறைச் சாவி அவனிடம்தான் இருக்கிறது. அடுத்த மாதம் போலீஸ் வந்து எல்லாத் துப்பாக்கியையும் சரிபார்க்குமாம். தாஸ் எடுத்துட்டுப் போன மூக்கு வீட்டுல இருக்காக்கா என்று கேட்டான். ஊருக்கு நீ தாஸ், எனக்குத்தான் சுண்டு. இல்லை என்றேன். கண்ணைப் பார்க்காமல்தான் சொன்னேன்.

தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனான். உன் சிநேகிதன், உன் பாடையைத் தூக்கியவன். அவனிடம் போய்ப் பொய் சொன்னேன். என்ன செய்ய? வேறு என்ன இருக்கிறது எனக்கு?

18 ஜூன், செவ்வாய்

போலீஸ் நிலையத்திலிருந்து ஃபோன். அந்த லோரிக்காரன் இன்னும் அதையேதான் சொல்கிறானாம். பெரிய விளக்குப் போட்டானாம், ஹாரன் அடித்தானாம், மோட்டார் நிற்காமல் முன்னால் வந்து திரும்பியதாம்.

பொய். அவ்வளவு தூரத்தில் இருக்கிற அட்டையில் ஓட்டை போடுகிறவன், மலை மாதிரி வருகிற லோரியைப் பார்க்க மாட்டானா? இதைத்தான் முதல் நாளே போலீஸில் சொன்னேன். என் தம்பிக்குக் கண் நல்லா தெரியும், எழுதிக்குங்கன்னு சொன்னேன். அந்த லோரிக்காரன் நல்லா இருக்க மாட்டான். அவன் வீட்டுலயும் ஒரு எழவு விழணும்.

இப்படி எழுதக் கூடாது. எழுதிட்டேன், போகட்டும்.

23 ஜூன், ஞாயிறு

குணாளன் மனைவி வாசுகி கண்டீனுக்கு வந்தாள். அவர் சரியா தூங்குறதில்லக்கா, ஒரு சாமான் காணோமாம், போலீஸ் கேட்டா இவர்தான் பதில் சொல்லணுமாம் என்றாள். என்மேல் சந்தேகப்பட்டுச் சொல்லவில்லை. சும்மா தன் பாரத்தைச் சொல்லிவிட்டுப் போனாள். கோழிக்குழம்பைக் கரண்டியோடு கீழே போட்டுவிட்டேன்.

கொடுத்துவிட வேண்டியதுதான். ஆனால் நீ எதையும் அழுக்கோடு திருப்பிக் கொடுத்தவன் இல்லை. எனக்குத் தெரிந்த மாதிரி புளி கரைத்து ஊற வைத்திருக்கிறேன்.

24 ஜூன், திங்கள்

கெடுத்துவிட்டேன். கரி அப்படியே இருக்கிறது. மேலே இருந்த கறுப்பு நிறம்தான் போச்சு. திட்டுத் திட்டாக வெளுத்து, ஓரத்தில் துரு. உன் சாமான் ஒன்றைக் கூட ஒழுங்காக வைத்துக்கொள்ளத் தெரியாதவள் நான்.

30 ஜூன், ஞாயிறு

நானே ஃபோன் பண்ணி வரச் சொன்னேன். மூக்கை மேசையில் வைத்தேன். குணாளன் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். திட்டுவான் என்று நினைத்தேன்.

“புளியாக்கா? இது என்ன குத்துவிளக்கா, வெள்ளிக்கிழமை ஏத்துறதுக்கு?”

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். நீ போன பிறகு நான் சிரித்தது அப்போதுதான்.

கார் பெட்டியிலிருந்து கையுறை, எண்ணெய், பித்தளைக் குச்சி எல்லாம் எடுத்து வந்தான். பின்வாசலில் பேப்பர் விரித்து உட்கார்ந்தோம். அந்தக் கரியில் ஈயம் இருக்கு, புளி கரைச்ச கிண்ணத்தைத் தூக்கிப் போட்டுடுங்க என்றான். எண்ணெய் விட்டு ஊறவிட்டு, ஓட்டைக்குள் குச்சியை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டினான். செதில் செதிலாகப் பேப்பரில் விழுந்தது. நான் பேப்பரை என் பக்கம் இழுத்தேன்.

“இத நான் வச்சிக்கிறேன். என் தம்பி சுட்டது.”

அவன் கை நின்றுவிட்டது.

“அக்கா, இது தாஸ் சுட்டது இல்லக்கா. புதுசா சேர்ந்த பொண்ணு ஒண்ணு, ரூபினி. அவ சுட்டது.”

எனக்குப் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கிளப்புக்குத்தானே வந்தான் என்று கேட்டேன்.

“வந்தான். தைப்பூசத்துக்கு அப்புறம் ஒரு குண்டு கூட சுடல. எல்லாரோட துப்பாக்கியையும் தொடச்சுக் குடுத்துட்டு இருந்தான். இனிப்பு நீர்க்கா, ரத்தத்துல சர்க்கரை. வலது கண்ணு மங்கிப் போச்சு. இடது கண்ணும் சாயங்காலம் ஆனா சரியில்லன்னான். அக்காவுக்குத் தெரிஞ்சா மோட்டார் சாவிய புடுங்கிடுவாங்க, சொல்லாதன்னான். நானும் சொல்லல. தப்புதான்.”

அவன் அழுதான். நான் அழவில்லை. பேப்பரை அவனே மடித்து எடுத்துக்கொண்டான். நான் தடுக்கவில்லை. யாரோ ஒரு பெண் சுட்ட கரி, அதை வைத்து நான் என்ன செய்ய?

வாரா வாரம் வந்து, இன்னைக்கு அட்டையில நல்லா விழுந்துச்சுக்கா என்பாய். நானும் மீன் பொரித்து வைப்பேன்.

2 ஜூலை, செவ்வாய்

மோட்டார் சாவியைப் பிடுங்கித்தான் இருப்பேன்.

5 ஜூலை, வெள்ளி

கிளப்பில் போலீஸ் வந்து பார்த்துவிட்டுப் போனதாம். எல்லாம் சரியாக இருக்கிறதாம். குணாளன் சொன்னான்.

நான் கண்டீனுக்கு லீவு சொல்லிவிட்டுப் போலீஸ் நிலையத்துக்குப் போனேன். முன்பு நான் சொன்னதைப் படித்துக் காட்டினார்கள். கண் நன்றாகத் தெரியும் என்று இருந்தது. அது சரியில்லை, அடிச்சிடுங்க என்றேன். இனிப்பு நீர் விஷயத்தைச் சொன்னேன். எனக்குத் தெரிந்த மலாய் மொழியில் சொன்னேன், கையெழுத்துப் போட்டேன்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரைக் காட்டி, அவர்தான் அந்த லோரிக்காரர் என்றார் போலீஸ்காரர். வயதானவர். இதுவரை நான் அவர் முகத்தைப் பார்த்ததே இல்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். என்னமோ சொல்ல வாயெடுத்தார். நான் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அப்படியே உட்கார்ந்திருக்கிறேன். உலை வைக்கவில்லை.

சுண்டு, அவர் போட்ட விளக்கு உன் கண்ணுக்குத் தெரிஞ்சுதாடா?