அச்சில் சேர்த்த கோடு

வியாழக்கிழமை காலை

அன்புள்ள பெரியவனுக்கு,

அப்பா எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லையே? இங்கே எல்லோரும் இருக்கிறோம். நலம் என்று எழுதத்தான் பேனா மாட்டேன் என்கிறது.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை காலைப் பஸ்ஸில் உன் தம்பி உன்னைப் பார்க்கக் கிளம்புகிறான். ஞாயிறு மதியம் உன் அறை வாசலில் நிற்பான். எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், காதில் போட்டுக்கொள்ளவில்லை. நீயோ ஏழு மாதமாக என் போனை எடுப்பதில்லை. அதனால் இதை எதிர்வீட்டு லாரிக்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன். நாளைச் சாயங்காலத்துக்குள் உன் கையில் சேர்த்துவிடுவதாகச் சொல்கிறார். போன மாதம் உன்னைப் பார்த்துவிட்டு வந்தவரும் அவர்தான். தம்பி கண்ணில் பட்டால் மிச்சப் பல்லும் இருக்காது என்று நீ சொன்னாயாமே. அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பட்டறை ஏதோ ஓடுகிறது. பல்செட்டு வேலை வருகிறது, ஆனால் மெழுகில் பல் அடுக்க உன் கை இல்லை. மெருகேற்றும் மோட்டார் மறுபடி முனகுகிறது. சின்னவன் தனக்குத் தானே முன்பல் இரண்டு செய்து மாட்டிக்கொண்டான். நிறம் ஒரு பொட்டு வெளுப்பாகிவிட்டது. பல் கட்டுகிறவன் வீட்டிலேயே இந்த லட்சணமா என்று பல் டாக்டர் கேட்டதற்கு, இது விளம்பரத்துக்கு இல்லை சார், சாப்பிடுவதற்கு என்றானாம். உன் அம்மா நாலு நாளாக என்னோடு பேசுவதில்லை. தட்டு வைக்கிற சத்தத்திலேயே சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறாள். ஏன் என்பதற்குத்தான் வருகிறேன்.

காலையில் வேலைக்கு உட்காருமுன் வேதாகமத்தில் ஒரு பக்கம் படிக்கிற வழக்கம் உனக்குத் தெரியும். இந்த வருஷம் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். நாலாவது நாளே மாட்டிக்கொண்டேன். அந்த முதல் அண்ணன் தம்பி கதை. அண்ணன் நிலத்தில் விளைந்ததைக் கொண்டுவருகிறான், தம்பி ஆட்டைக் கொண்டுவருகிறான். தம்பியுடையது ஏற்றுக்கொள்ளப்படுகிறது, அண்ணனுடையது இல்லை. பிறகு வயலுக்கு இரண்டு பேர் போகிறார்கள், ஒருவன்தான் திரும்புகிறான். இத்தனை வருஷமும் அந்த அண்ணன் மேல்தான் எனக்குக் கோபம். இந்தத் தடவை அவர்கள் அப்பனைத் தேடினேன். அன்றைக்கு அவன் எங்கே போயிருந்தான், ஒரு வரி கிடையாது. தின்னக்கூடாததைத் தின்று தோட்டத்திலிருந்து துரத்தப்பட்ட மனிதன். அதைப் பிள்ளைகளிடம் சொல்லியிருப்பானா? எந்த அப்பன் சொல்கிறான்? நான் சொன்னேனா?

நம் பட்டறையில் யார் செய்த வேலை என்று தெரிய, பிளாஸ்டர் அச்சின் அடியில் நீ ஒரு கோடு போடுவாய், சின்னவன் இரண்டு கோடு போடுவான். டாக்டர் புது கிளினிக்குக்கு உங்களில் ஒருவரை எடுத்துக்கொள்வதாகச் சொல்லி, ஒரே நோயாளிக்கு இரண்டு பேரையும் தனித்தனியாகச் செட்டு செய்யச் சொன்னார் அல்லவா? இரண்டையும் நான்தான் எடுத்துப்போனேன். உன்னுடையதுதான் ஜெயிக்கும் என்று பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. கிளினிக் படிக்கட்டில் உட்கார்ந்து, சட்டைப்பையிலிருந்த மெழுகுக் கத்தியால் உன் அச்சில் இன்னொரு கோடு கீறினேன். அவன் அச்சில் ஒரு கோட்டைச் சுரண்டினேன். ஒரு நிமிஷ வேலை. நீ எங்கே விட்டாலும் பிழைத்துக்கொள்வாய், அவன் மாட்டான் என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

டாக்டர் தேர்ந்தெடுத்த அச்சு திரும்பி வந்ததும், உன் வேலையை நீ அடையாளம் கண்டுகொண்டாய். அடியில் இரண்டு கோடு. தம்பிதான் மாற்றினான் என்று நினைத்தாய். அவனோ தான் ஜெயித்ததாகக் கேள்விப்பட்டுச் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தான். நீ தள்ளிய வேகத்தில் அவன் வாய் பல் அச்சை அழுத்துகிற இரும்புப் பிரஸ்ஸின் விளிம்பில் மோதியது. நீ போட்ட சட்டையோடு போனாய். நான் அங்கேயேதான் நின்றிருந்தேன். அவன் வாயிலிருந்து ரத்தம் வருகிறது, என் வாயில் வார்த்தை வரவில்லை.

ரகளையைக் கேள்விப்பட்டு டாக்டர் வெளியாள் ஒருவரை வைத்துக்கொண்டார். அந்த அச்சு தன்னுடையது இல்லை என்று சின்னவனுக்கும் தெரிந்தது. யார் கீறியது என்று என்னிடம் எத்தனையோ முறை கேட்டான். தெரியாது என்றேன். போன ஞாயிற்றுக்கிழமைதான், அம்மாவும் இருக்கும்போது, ஒப்புக்கொண்டேன். அவன் கத்தவில்லை. 'இத்தன மாசமா அண்ணன் என்னைத் திருடன்னு நெனச்சுக்கிட்டு இருக்கானேப்பா' என்று மட்டும் சொல்லிவிட்டு டிக்கெட் எடுக்கப் போய்விட்டான்.

இன்னும் ஒன்று. பெரியப்பா ஏன் நம் வீட்டுக்கு வருவதே இல்லை என்று சின்ன வயதில் கேட்டு நச்சரிப்பாய். என் அப்பாவின் பட்டறையில் அவர் செய்த செட்டை நான் செய்ததாகக் காட்டித்தான் இந்தத் தொழில் எனக்கு வந்தது. அண்ணன் ஒரு வார்த்தை கேட்காமல் போனார். செத்த பிறகுதான் முகத்தைப் பார்த்தேன். அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை, பார். அதையே என் பிள்ளைகளுக்கும் செய்தேன்.

அதே வேதத்தில் கொஞ்சம் தள்ளி இன்னோர் அண்ணன் வருகிறான். அப்பாவின் ஆசீர்வாதத்தைத் தம்பி ஏமாற்றி வாங்கிக்கொண்டதால் கொன்றுவிடுவேன் என்றவன். வருஷங்கள் கழித்துத் தம்பி பயந்து பயந்து எதிரே வருகிறான். இவன் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு அழுகிறான். உன்னை ஓடச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? கதவைத் திற, போதும். உன் தம்பி எதையும் திருடவில்லை. அடிக்கத்தான் வேண்டும் என்றால் சொல்லியனுப்பு, நான் வருகிறேன்.

கடவுள் உங்கள் இருவரையும் காக்கட்டும். இனி ஒருவனுக்கு மட்டும் கேட்க எனக்குத் தைரியமில்லை. அவன் வந்து சேர்ந்ததும் ஒரே தாளில் இரண்டு பேரும் ஆளுக்கொரு வரி எழுதுங்கள். திட்டியே எழுதினாலும் சரி. ஒரு கையெழுத்து மட்டும் வந்தால் அதைப் படிக்க என்னால் ஆகாது, ராஜா.

உன் பதிலுக்கு வாசலிலேயே உட்கார்ந்திருக்கும்,
அப்பா